தாமதத்துக்குக் கணக்கு வேண்டும்

(மட்டாஞ்சேரியில் நறுமணப் பொருள் வணிகர்களும் கணினித் துறையினரும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செய்தி பிந்தி வந்தால் என்ன இழப்பு என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே ஜூ டவுனில் 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்தது. தொலைபேசியைக் காதில் வைத்தபடி தரகர்கள் குரல் எழுப்பி விலை சொன்ன கூடம் அது. அந்த விலை மலைத் தோட்டத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதில்தான் பலருடைய லாபமும் நஷ்டமும் அடங்கியிருந்தன. விலைச் செய்தியில் நீங்கள் காட்டிய அந்தக் கவனத்தை இன்னொரு செய்தியிலும் காட்ட வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் யார் வேலை பார்க்கிறார், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் வேலையை விட்டுப் போய்விட்டார் என்ற செய்தி அது. அதைச் சேமித்து வைப்பது டைரக்டரி சர்வர். உங்களுக்கு நான்கு ஊர்களில் கிளை இருந்தால் அந்தச் செய்திக்கு நான்கு நகல்கள் இருக்கும். ஒரு நகலில் செய்த மாற்றம் மற்ற மூன்றுக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

அலுவலகத்தில் ஒரு புதிய ஊழியருக்குக் கணினி திறக்கவில்லை என்றால், “கொஞ்ச நேரத்தில் சிங்க் ஆகிவிடும், அப்புறம் பாருங்கள்” என்று பதில் வரும். அந்தக் ‘கொஞ்ச நேரம்’ எவ்வளவு? அதை யார் தீர்மானித்தது? அதனால் யாருக்கு என்ன நேர்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை உண்டு. விடை தெரியாமல் நிறுவனம் நடத்துவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

நகல்கள் ஏன் வந்தன

ஐம்பது கணினி உள்ள அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியிலும் எல்லாருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் தனித்தனியே பதிந்து வைக்க முடியாது. ஒரே இடத்தில் பதிந்து, எல்லாக் கணினிகளும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி செய்கிறோம். இந்த ஏற்பாட்டை நீங்கள் அறியாமலே பயன்படுத்தியும் இருக்கிறீர்கள். எண்ணை மாற்றாமல் செல்போன் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. எந்த எண் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்ற விவரத்தை அதற்கென உள்ள மைய அமைப்பு பராமரிக்கிறது. மாற்றம் நடந்ததும் அது எல்லா நிறுவனங்களுக்கும் அறிவிக்கும். அவை ஒவ்வொன்றும் தத்தம் நகலைத் திருத்திக்கொள்ளும். மாற்றம் நடக்கும் இரவில் சிறிது நேரம் போன் வேலை செய்யாது என்று நமக்கு முன்பே குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. தாமதம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் எப்போது, ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்லிவிட்டார்கள். அதனால் யாரும் பதறுவதில்லை. இந்த நேர்மையைத்தான் நம் அலுவலகங்களிலும் காண விரும்புகிறேன்.

இந்தத் துறையின் தொடக்கத்தில் ஓர் இந்தியரின் பெயர் இருக்கிறது. யோகன் தலால், பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1974-இல் வின்ட் செர்ஃப், கார்ல் சன்ஷைன் ஆகியோருடன் சேர்ந்து, இன்றைய இணையத்தின் அடித்தளமான டி.சி.பி. நெறிமுறையின் முதல் விவரக் குறிப்பை எழுதியவர்களுள் ஒருவர். பிறகு செராக்ஸ் நிறுவனத்தில் டெரெக் ஆப்பனுடன் சேர்ந்து ‘கிளியரிங்ஹவுஸ்’ என்ற டைரக்டரியை வடிவமைத்தார். நிறுவனத்தின் எல்லா ஊர்களிலும் உள்ள ஆட்கள், பிரின்டர்கள், சர்வர்கள் ஆகியவற்றின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. பல சர்வர்களில் அதன் நகல்கள் பரவியிருந்தன.

நகல்கள் பெருகியதும் தொல்லையும் வந்தது. செராக்ஸின் ஆலன் டெமர்ஸும் சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த வலையமைப்பின் அளவைச் சொல்கிறார்கள். ஜப்பானிலுள்ள ஒரு கணினி ஐரோப்பாவுக்கு அனுப்பும் தகவல் 14 கேட்வேக்களையும் 7 தொலைபேசி இணைப்புகளையும் கடந்து போக வேண்டியிருக்கலாம். அத்தனை நகல்களையும் ஒரே நேரத்தில் திருத்துவது நடவாத காரியம். எனவே, ஒவ்வொரு சர்வரும் அவ்வப்போது வேறொரு சர்வரைத் தேர்ந்து, இரண்டிலும் உள்ளதை ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும் முறையை அவர்கள் ஆராய்ந்தார்கள். தொற்றுநோய் பரவும் கணிதத்தையே இதற்கும் பயன்படுத்தினார்கள். இந்த முறையில் நகல்கள் எல்லாம் முடிவில் ஒன்றாகும் என்பதற்கு உறுதி உண்டு. இன்ன நேரத்துக்குள் ஒன்றாகும் என்பதற்கு உறுதி கிடையாது. இன்று நாம் பயன்படுத்தும் டைரக்டரிகள் எல்லாம் இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கின்றன.

1988-இல் எக்ஸ்.500 என்ற சர்வதேசத் தரம் வந்தது. அது கனமாக இருந்ததால், 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோஸ் முதலியோரின் உழைப்பில் எல்டாப் என்ற எளிய நெறிமுறை பிறந்தது. அதே ஆண்டில் நாவெல் நிறுவனம் நெட்வேர் 4-உடன் தன் டைரக்டரியைக் கொடுத்தது. 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-உடன் ஆக்டிவ் டைரக்டரி வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்.டி.யில் ஒரே ஒரு தலைமைச் சர்வரில்தான் மாற்றம் எழுத முடியும், மற்றவை படிப்பதற்கு மட்டும். ஆக்டிவ் டைரக்டரியிலோ எந்த ஊர்ச் சர்வரிலும் மாற்றம் எழுதலாம். இது பெரிய சுதந்திரம். அதோடு, இரண்டு ஊர்களில் ஒரே பதிவை இருவர் இருவிதமாகத் திருத்தும் வாய்ப்பும் சேர்ந்தே வந்தது.

நகலே வேண்டாம், ஒரே சர்வர் போதும் என்று சொல்லலாமா? 2018 ஆகஸ்ட் மாத வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. மலைப்பாதைகள் நிலச்சரிவில் அறுந்தன. கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாள்களில் மலைக்கும் கடற்கரைக்கும் இடையேயான இணைப்பு அறுந்தால், மலைக் கிளையில் உள்ளூர் நகல் இருந்தால்தான் அங்குள்ளவர்கள் தங்கள் கணினியைத் திறக்க முடியும். இணைப்பு அறுந்த வேளையில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளலாம்: எல்லா நகலும் ஒன்றாக இருக்கும்வரை வேலையை நிறுத்துவது, அல்லது நகல்கள் வேறுபட்டாலும் வேலையைத் தொடர்வது. கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்த இந்தக் கருத்தை 2002-இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் கணித முறையில் நிறுவினார்கள். டைரக்டரிகள் வேலையைத் தொடரும் வழியைத் தேர்ந்துகொண்டவை. அந்தத் தேர்வு சரியானது என்றே நான் கருதுகிறேன். அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் தாமதம்.

ஆறு மணி நேரம் எங்கிருந்து வந்தது

இப்போது உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று. தலைமை அலுவலகம் இங்கே மட்டாஞ்சேரியில், ஒரு கிளை குமுளியில், இன்னொன்று மலைக்கு அப்பால் போடிநாயக்கனூரில். மின்னணு ஏலம் நடக்கும் ஊர் ஆதலால் போடிக் கிளையில் எப்போதும் பரபரப்பு. மூன்று இடத்திலும் ஒவ்வொரு ஆக்டிவ் டைரக்டரி சர்வர். மட்டாஞ்சேரி குமுளியோடு பேசும், குமுளி போடியோடு பேசும்.

ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வர்கள் விரைவாகப் பேசிக்கொள்கின்றன. விண்டோஸ் 2000-இல், ஒரு மாற்றம் நடந்து 5 நிமிடம் கழித்துத்தான் ஒரு சர்வர் பக்கத்துச் சர்வரிடம் சொல்லும். விண்டோஸ் சர்வர் 2003-இல் அது 15 விநாடியாகக் குறைந்தது. ஆனால் வேறு வேறு ஊர்களை வேறு வேறு சைட்களாகப் பிரித்து அமைத்தால் கணக்கே மாறும். சைட்களுக்கு இடையே, நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், 180 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பரிமாற்றம். மட்டாஞ்சேரியிலிருந்து குமுளிக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம், குமுளியிலிருந்து போடிக்கு இன்னொரு மூன்று மணி நேரம். ஆக ஆறு மணி நேரம்.

இந்த ஆறு மணி நேரம் கம்பியில் கழிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கொச்சிக்கும் போடிக்கும் இடையே இழை 200 கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லி விநாடியில் செய்தி போய்விடும். ஆறு மணி நேரத்தில் 2 கோடியே 16 லட்சம் மில்லி விநாடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் தூரத்தின் பங்கு. மற்றதெல்லாம் அட்டவணையின் பங்கு.

அந்த அட்டவணையை வகுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. விண்டோஸ் 2000 வந்த நாளில் ஒரு கிளைக்கு 64 கிலோபிட் இணைப்பு கிடைத்தாலே பெரிது. மலைப்பகுதிக்கு வி-சாட் என்ற செயற்கைக்கோள் தட்டுதான் கதி. அந்தக் குறுகிய வழியில் டைரக்டரியும் மின்னஞ்சலும் கணக்குப் புத்தகமும் போக வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, சுருக்கிக் கட்டி அனுப்புவது அன்றைக்குப் புத்திசாலித்தனம். ஆனால் 2002-இல் தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் சேஃப் கடலடிக் கேபிள் இதே கொச்சியில் கரையேறியது. காக்கநாட்டில் இன்ஃபோபார்க் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. மலைக் கிளைகளுக்கும் இழை இணைப்பு போய்விட்டது. பாதை அகன்ற பிறகும் பழைய அட்டவணை அப்படியே இருக்கிறது, அதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதால்.

தாமதம் யார் தலையில் விழுகிறது

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஒரு கணக்காளரை வேலையிலிருந்து நீக்குகிறீர்கள். மட்டாஞ்சேரியில் அவருடைய கணக்கை முடக்குகிறார்கள். போடிச் சர்வருக்கு அந்தச் செய்தி இரவு பதினொன்றரை மணிவரைகூடப் போகாமல் இருக்கலாம். அதுவரை போடிக் கிளையில் அவர் பெயரில் யாரும் உள்ளே வரலாம், விலைப் பட்டியலையும் வாடிக்கையாளர் விவரத்தையும் எடுக்கலாம்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோமே என்பார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியில் பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் அட்டவணைக்குக் காத்திராமல், பி.டி.சி. எமுலேட்டர் என்ற பொறுப்பை ஏற்றிருக்கும் ஒரு சர்வருக்கு உடனே போகிறது. போடியில் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்தால், போடிச் சர்வர் அது தவறு என்று முடிவு செய்யுமுன் அந்தச் சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்கும். அதனால் புதியது ஏற்கப்படும். ஆனால் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்தால்? போடியின் நகலில் அது சரியாகவே இருக்கிறது. யாரிடமும் கேட்கத் தேவையில்லை, கதவு திறந்துவிடும். அந்த இடைவெளியில் போடியில் இரண்டு பாஸ்வேர்டும் செல்லுபடியாகும். இதை அறியாத பொறுப்பாளர் பூட்டிவிட்டதாக நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. திங்கட்கிழமை போடியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மட்டாஞ்சேரியில் கணக்குத் தொடங்குகிறார்கள். அவர் காலையில் உட்கார்ந்து முயல்கிறார். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்கிறது கணினி. கிளைப் பொறுப்பாளர் உதவும் எண்ணத்தில் போடியிலேயே அதே பெயரில் இன்னொரு கணக்கைத் தொடங்கிவிடுகிறார். மாலையில் இரண்டு நகலும் சந்திக்கின்றன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு பதிவு இருக்க முடியாது. பிந்தி எழுதியது பெயரைத் தக்கவைத்துக்கொள்ளும். முந்தியதன் பெயரோடு ‘சி.என்.எஃப்.’ என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் ஒட்டிக்கொள்ளும். முந்திய கணக்குக்கு ஏற்கெனவே கொடுத்த மின்னஞ்சல், கோப்பு அனுமதி எல்லாம் அநாதையாக நிற்கும். அந்தப் பெண் நாள் முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. தாமதத்தின் சுமை பெரும்பாலும் இப்படிக் குரல் எழுப்ப முடியாத, புதிதாக வந்த, கடைசி வரிசை ஊழியர் மேல்தான் விழுகிறது.

கடிகாரமும் வரிசையும்

பிந்தியது எது, முந்தியது எது என்று சர்வர்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே பரதேசி யூத ஆலயத்தை ஒட்டி 1760-இல் எழுந்த மணிக்கூண்டு நிற்கிறது. அதன் முகங்களில் ரோமன், ஹீப்ரு, மலையாளம் என வெவ்வேறு எழுத்தில் எண்கள். எந்த முகத்தைப் பார்த்தாலும் உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்று, ஆகவே முகங்களுக்குள் சண்டை வராது. டைரக்டரி சர்வர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது, ஒவ்வொன்றும் தன் போக்கில் முந்தும், பிந்தும்.

அதனால் ஆக்டிவ் டைரக்டரி கடிகாரத்தை முதல் நீதிபதியாக வைக்கவில்லை. ஒவ்வொரு விவரத்துக்கும், அது எத்தனை முறை திருத்தப்பட்டது என்ற பதிப்பு எண் உண்டு. மோதல் வந்தால் முதலில் பதிப்பு எண் பார்க்கப்படும். அது சமமாக இருந்தால் நேரம், நேரமும் சமமானால் சர்வரின் அடையாள எண். இதன் விளைவை யோசியுங்கள். போடியில் காலை பத்து மணிக்கு ஒருவருடைய தொலைபேசி எண்ணை இரண்டு முறை திருத்துகிறார்கள். மட்டாஞ்சேரியில் பதினொரு மணிக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். நகல்கள் சந்திக்கும்போது பத்து மணிக்கு எழுதியதே வெல்லும், ஏனெனில் அதன் பதிப்பு எண் பெரியது. பிந்திச் சொன்னதுதான் நிலைக்கும் என்ற நம் பழக்கம் இங்கே செல்லாது. ஒரே பதிவை இரண்டு ஊரிலிருந்து திருத்தாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதனால் கடிகாரம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. ஆக்டிவ் டைரக்டரி அடையாளம் சரிபார்க்கப் பயன்படுத்தும் கெர்பரோஸ் முறையில், இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் கதவு திறக்காது. சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணவும் இதே முறைதான். ஆகவே கடிகாரம் பிசகினால் நகல் பரிமாற்றமே நின்றுவிடும். 2022 ஏப்ரல் 28 அன்று கணினிப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவு, நம் நாட்டில் நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும் என்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்ல, உங்கள் டைரக்டரியின் நலனுக்காகவும் இதைச் செய்யுங்கள்.

நீக்கம் என்ற கடினமான செய்தி

சேர்ப்பதைவிட நீக்குவதைப் பரப்புவது கடினம். ஒரு பதிவை வெறுமனே அழித்துவிட்டால், செய்தி எட்டாத இன்னொரு சர்வர் அதைத் தன் நகலிலிருந்து மீண்டும் கொண்டுவந்து சேர்த்துவிடும். எனவே செராக்ஸ் ஆய்வாளர்கள் நீக்கத்துக்கு ‘மரணச் சான்றிதழ்’ எழுதி, அதையும் மற்றச் செய்திகளைப் போல எல்லா நகலுக்கும் அனுப்பினார்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அதன் பெயர் டூம்ப்ஸ்டோன். அது எத்தனை நாள் வைக்கப்படும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. முதலில் 60 நாள். 2005-இல் வந்த, விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து, புதிதாக அமைப்பவற்றுக்கு 180 நாள். பழைய 60 நாள் ஏற்பாட்டில் தொடங்கியவை, பின்னால் எத்தனை முறை மென்பொருளைப் புதுப்பித்தாலும், நாமாக மாற்றாதவரை 60-லேயே நிற்கும்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. மே 31 வரை எண்ணினால் 68 நாள். பூட்டிய ஒரு கிளையில் சர்வரை அணைத்துவிட்டுப் போயிருந்து, ஜூனில் திரும்பி வந்து போட்டிருந்தால், 60 நாள் ஏற்பாட்டில் அந்தச் சர்வர் எல்லையைத் தாண்டிவிட்டது. ஊரடங்கின் தொடக்க நாள்களில் நீக்கப்பட்டவர்களின் மரணச் சான்றிதழ்கள் மற்ற சர்வர்களில் காலாவதியாகிவிட்டன. திரும்பி வந்த சர்வரிலோ நீக்கப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இதைத் தடுக்கவே, எல்லை தாண்டிய சர்வரோடு பரிமாற்றம் செய்ய மற்றவை மறுத்து, 2042 என்ற எண்ணுடன் பிழைப் பதிவு எழுதுகின்றன. அந்த மறுப்பைக் கண்டதும் எப்படியாவது பேசவைக்க வேண்டும் என்று பலவந்தப்படுத்தாதீர்கள். அந்தச் சர்வரை டைரக்டரிப் பொறுப்பிலிருந்து விலக்கி, புதிதாக அமைப்பதே பாதுகாப்பான வழி.

மெய்நிகர் சர்வர்களை ஸ்னாப்ஷாட்டில் சேமித்த பழைய நிலைக்குத் திருப்பிவிடுவதும் இதே வகை ஆபத்து. அந்தச் சர்வர், தன் மாற்றங்களுக்கு இட்டுவரும் வரிசை எண்ணில் பின்னோக்கிப் போய்விடும், மற்றவையோ அதற்கு அப்பாலும் கேட்டு முடித்துவிட்டன. அதன்பின் அது சொல்லும் புதிய செய்திகளையும் ‘இதைத்தான் ஏற்கெனவே கேட்டோமே’ என்று மற்றவை விட்டுவிடும். விண்டோஸ் சர்வர் 2012-இல் இதைக் கண்டறியும் பாதுகாப்பு வந்தது. ஆனாலும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப்புக்கு மாற்றாக நம்பக் கூடாது.

என்ன செய்யலாம்

முதலாவது, அளந்து பாருங்கள். ரெப்அட்மின் என்ற கருவி ஆக்டிவ் டைரக்டரியோடு வருவது. அதில் தொகுப்பு அறிக்கை கேட்டால், எந்தச் சர்வர் எவ்வளவு நேரமாகச் செய்தி பெறவில்லை என்று ஒரே பக்கத்தில் காட்டும். கேரளம் பள்ளிகளிலேயே கட்டற்ற மென்பொருளை ஏற்ற மாநிலம். அத்தகைய மென்பொருளான ஓபன் எல்டாப் டைரக்டரியைப் பயன்படுத்தும் நண்பர்கள், ஒவ்வொரு சர்வரிலும் காண்டெக்ஸ்ட் சி.எஸ்.என். என்ற மதிப்பைப் படித்து ஒப்பிட்டால் எந்த நகல் பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னும் நேரடியான வழி: மட்டாஞ்சேரியில் ஒரு சோதனைப் பதிவில் நேரத்தை எழுதி, போடியில் அது எப்போது தெரிகிறது என்று பாருங்கள். தினமும் தானாக நடக்கும்படி இதை அமைத்துவிடலாம்.

இரண்டாவது, அட்டவணையைத் திறந்து பாருங்கள். 180 நிமிடத்தை 15 ஆக்கலாம். இணைப்பு நன்றாக இருந்தால், சைட்களுக்கு இடையேயும் மாற்றம் நடந்த உடனே தகவல் சொல்லும் வசதியை இயக்கலாம், அப்போது நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காகிவிடும். ஓபன் எல்டாப்பில் அவ்வப்போது போய்க் கேட்கும் முறைக்குப் பதிலாக, இணைப்பைத் திறந்தே வைத்து மாற்றத்தை உடனே பெறும் முறை உண்டு. சங்கிலியாக அமைத்திருப்பதை மாற்றி, கிளைகள் எல்லாம் தலைமை அலுவலகத்தோடு நேரே பேசும்படி செய்தால், தலைமை அலுவலகத்தில் செய்யும் மாற்றம் எந்தக் கிளைக்கும் ஒரே தாவலில் போகும்.

மூன்றாவது, காத்திருக்கக் கூடாத செய்திகளைப் பிரித்து வையுங்கள். ஒருவரை நீக்கும்போது, அவர் வேலை பார்த்த ஊரின் சர்வரிலேயே முதலில் முடக்குங்கள். நிர்வாகக் கருவியில் எந்தச் சர்வரோடு இணைவது என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. பிறகு, அந்த மாற்றத்தை எல்லாருக்கும் அப்போதே அனுப்பும்படி ரெப்அட்மினில் கட்டளை இடுங்கள். அதோடும் நின்றுவிடாதீர்கள். கெர்பரோஸ் கொடுக்கும் அனுமதிச் சீட்டுக்கு வழக்கமான ஆயுள் 10 மணி நேரம். முன்பே பெற்ற சீட்டு அதுவரை செல்லக்கூடும் என்பதால், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளையும் மூட வேண்டும்.

நான்காவது, மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சர்வரில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் வேறொரு சர்வரிடம் படிக்காதீர்கள். எழுதிய சர்வரிடமே திரும்பக் கேளுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால், உடனே புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். ‘இந்த நகலில் இன்னும் இல்லை’ என்பதுதான் அதன் பொருளாக இருக்கக்கூடும்.

ஐந்தாவது, கிளவுடுக்கு மாறிவிட்டோம், இனி இந்தக் கவலை இல்லை என்று எண்ணாதீர்கள். அலுவலக டைரக்டரியை மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு இணைக்கும் என்ட்ரா கனெக்ட், வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றங்களைக் கொண்டுபோகிறது. பாஸ்வேர்டு தொடர்பானதை 2 நிமிடத்துக்கு ஒரு முறை. பழைய சங்கிலியில் இன்னொரு கண்ணி சேர்ந்திருக்கிறது. அந்தக் கண்ணியின் நேரத்தையும் கூட்டித்தான் உங்கள் மொத்தத் தாமதத்தைச் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, பல நகல்கள் இருக்கும்வரை தாமதத்தை முற்றாக ஒழிக்க முடியாது. அது இந்த ஏற்பாட்டின் இயல்பு. ஆனால் எவ்வளவு தாமதம் என்பது நம் முடிவு. அந்த முடிவை இருபது ஆண்டுக்கும் முந்தைய ஒரு மென்பொருளின் வழக்கத்திடம் விட்டுவிடலாகாது. தாமதத்துக்கு ஓர் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை முதலாளியும் அறிந்திருக்க வேண்டும், போடியில் இன்று சேர்ந்த ஊழியரும் அறிந்திருக்க வேண்டும்.

நாளைக் காலை அலுவலகம் போனதும் உங்கள் கணினிப் பொறுப்பாளரை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்கே இப்போது ஒருவருடைய கணக்கை முடக்கினால், நம் கடைசிக் கிளையில் எத்தனை நிமிடத்தில் முடங்கும்?” ‘கொஞ்ச நேரம்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். அவரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், அளந்து சொல்ல ஒரு வாரம் கொடுங்கள், அதற்கு வேண்டிய கருவியும் ஆளும் கொடுங்கள். வருகிற எண் உங்களுக்குப் பிடிக்காவிட்டால், அதை மாற்றும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது.